மூன்றாம் மலை கூசியது

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் மூன்றாம் மலைத் தேயிலைச் செடிகள் கிளை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியைக் கண்டு கூசிக் குறுகத் தொடங்கின. அதே வாரம் பக்கத்து ஊர் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் விலை இறங்கியது. செடி குறுகுவதை முதலில் பார்த்தவள் தோட்டத் தொழிலாளி ரோஸ்மேரி. "பல்லு புடுங்கப் போற பிள்ளை மாதிரி பண்ணுது லா," என்று கங்காணி சிங்காரம் சிரித்தார். தோட்டத்துத் துரை சொல்லியனுப்ப, உயிர்களுக்கு உணர்வு எப்போது வந்தது என்று ஆராயும் புவனேஸும், அதே கேள்வியைக் கருவி இல்லாமல் யோசிக்கும் தத்துவப் பேராசிரியை செரீனாவும் கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கினார்கள். மழைக்காலம் முழுக்க இருவருக்கும் சண்டை. மீனுக்கா, நத்தைக்கா, அதற்கும் முந்தியதற்கா, முதன்முதலில் எதற்கு வலித்தது என்பார் புவனேஸ். குறுகுவது வேறு, வலிப்பது வேறு என்பாள் செரீனா. கடைசியில் ஒரு செடியைக் கண்ணாடிக் கூண்டால் மூடி மயக்க மருந்து விட்டார்கள். கத்தி பட்டும் அது அசையவில்லை. "மயங்குதுன்னா, முன்ன உள்ள ஏதோ முழிச்சிருந்திருக்கு," என்றார் புவனேஸ்.

கூண்டைப் பிடித்திருந்த ரோஸ்மேரி அன்று நேரே வீட்டுக்கு நடந்தாள். அவள் கணவன் கிரகரி கவ்வாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு, மூன்று வருஷமாக தொழிலாளர் லயத்து வீட்டில் மரம் போலக் கிடந்தார். உள்ளே ஆள் இல்லை, கை இறுகியிருப்பது வெறும் நரம்பின் வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நம்பி, அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து தன் தம்பி எல்வினோடு சவப்பெட்டி பற்றிப் பேசியிருந்தாள்.

"அவருக்கும் அந்த மருந்த குடுத்துப் பாருங்க சார்," என்று போய்க் கேட்டாள்.

"இருக்காருன்னு தெரிஞ்சா தாங்குவீங்களாக்கா?" என்றாள் செரீனா.

"இல்லேன்னு இத்தன நாள் தாங்கலையா?"

மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கருகே பிடித்ததும் கிரகரியின் நெற்றிச் சுளிப்பு கலைந்தது, இறுகிய கை விரிந்தது. மருந்து தெளிந்ததும் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப மடங்கின. செரீனா வெளியே போய்ப் பனியில் நின்றாள். ரோஸ்மேரிக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா கெடந்தீங்க? எல்வின் சீனன் கடையில பெட்டிக்குப் பேரம் பேசுனானே, அது வரைக்குமா?"

அடுத்த ஆண்டு முதல் கவ்வாத்துக்கு முன் செடிகளுக்கு மயக்க மருந்து தெளிக்கிறார்கள். உரத்தோடு அதே லோரியில் வந்து இறங்குகிறது. கிரகரி அப்படியேதான் கிடக்கிறார். எல்வின் வந்தால், கொட்டும் மழையென்றாலும், சாவுச் சேதி எதுவானாலும் வாசலிலேயே சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.