சகலை வீட்டு வெளிச்சுவர்

வீட்டின் வெளிச்சுவரை அழகுபடுத்துகிற எவனும் யோக்கியன் இல்லை என்பது இன்சூரன்ஸ் சர்வேயரின் இருபத்தாறு வருடக் கண்டுபிடிப்பு. நல்லவன் தூசியோடு வாழ்வான். சுவரைப் பளபளப்பாக்குகிறவன் கரையானையோ கசிவையோ, அதைவிடப் பெரிய எதையோ மறைக்கிறான். தீப்பிடித்த கிடங்குகளையும் ஒழுகும் கூரைகளையும் பார்த்துப் பார்த்து அவர் வந்து சேர்ந்த முடிவு இது, விதிவிலக்கே கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுக்காரரும் சொந்தச் சகலையும் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டருமான மனிதர் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடும் நீளக்கைப்பிடி பிரஷ்ஷோடும் வெளியே வந்தபோது, சர்வேயர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு நகர்ந்தார்.

அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள், ஒரே அச்சில் வார்த்தவை. மீன் செதில்போல ஒன்றின் விளிம்பை இன்னொன்று மூடும் மரப்பலகைச் சுவர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம். பக்கத்துப் பக்கத்தில்தான் வாழ்வோம் என்று அக்காவும் தங்கையும் அடம்பிடித்ததால், சகலைகள் இருவரும் பதினெட்டு வருடமாக ஒருவர் இருமலை ஒருவர் கேட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

டிரில் மாஸ்டர் சோப்பைக் கீழிருந்து மேலாகத் தேய்த்தார். தண்ணீரை மேலிருந்து கீழாக விட்டார். அழுக்குக் கோடு விழாமல் இருக்க அதுதான் சரியான முறை. சர்வேயர் ஜன்னலை இன்னும் நெருங்கினார். தெரியாதவன் தப்பாகச் செய்வான். இதுவோ திட்டம் போட்டு வந்தவன் வேலை.

"விக்கப் போறாங்க," என்றார் மனைவியிடம்.

"யாரு?"

"உன் தங்கச்சி புருஷன். அவ ஊர்ல இல்லாத நேரமாப் பாத்துச் சுவரைக் கழுவுறாரு. கழுவி, பெயின்ட் அடிச்சு, போட்டோ எடுத்து, வித்துட்டுப் போயிட்டே இருப்பாரு."

"அவ டிரெய்னிங் முடிஞ்சு சனிக்கிழமை வந்துடுவா. அதுக்குள்ள வீட்டையே வித்துடுவாராக்கும். நீங்க ஒரு பல்பு மாத்தவே மூணு மாசம் ஆக்குனீங்க." சிரித்தவள், சிரிப்பு அடங்கியதும் ஜன்னலைப் பார்த்தாள். "நெஜமாவே போயிட்டாங்கன்னா நான் இங்க யார்கூடப் பேசுறது?"

அந்தக் கேள்வியில் தான் ஓர் ஆளாகவே இடம்பெறவில்லை என்பது சர்வேயருக்கு உறைத்தது. இருந்தாலும் நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தால் அவருக்கும் சண்டை போட வேறு ஆள் இல்லை.

சாட்சியங்கள் குவிந்தன. திங்கள்கிழமை டிரில் மாஸ்டர் லீவு. செவ்வாய்க்கிழமை நான்கு வண்ண அட்டைகளைச் சுவரில் ஒட்டிவிட்டு, பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய், கோழிபோலத் தலையைச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தார். வாங்க வருகிறவனின் கண்ணால் பார்க்கிறார்! போன மாதம் ஒரு மாலை சர்வேயர் வீட்டுப் பூட்டில் யாரோ சாவியை விட்டுத் திருகியதும், கதவைத் திறந்தால் சகலை நின்றதும், "ஏதோ ஞாபகம்" என்று சிரித்துவிட்டுப் போனதும் இப்போது வேறு அர்த்தம் கொடுத்தன.

புதன்கிழமை பெயின்ட் வந்தது. மஞ்சள். நடுத்தெருவில் நின்று யாரோ கத்துவதுபோல ஒரு மஞ்சள்.

"என்ன சகலை, வீட்டுக்கு மேக்கப்பா? எந்த நாடகத்துல நடிக்கப் போகுது?"

"சும்மாதான் சகலை. பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு."

"பளிச்சுன்னா? ரன்வேன்னு நெனச்சு விமானம் எறங்கிடப் போகுது."

டிரில் மாஸ்டர் சிரித்தார், ஆனால் சர்வேயரின் காதைப் பார்த்துச் சிரித்தார். பொய்யன் கண்ணைப் பார்க்கமாட்டான். சர்வேயர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் சகலை சாப்பிட உள்ளே போனதும் ஆய்வு நடந்தது. பலகைகளைத் தட்டிப் பார்த்தார், கரையான் இல்லை. மோந்து பார்த்தார், ஈரம் இல்லை. ஜன்னல் ஓரங்களும் கதவுச் சட்டமும் கத்தியால் வெட்டியதுபோலக் கச்சிதம். ஆனால் பலகைகளின் நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, வண்ணமே படாத சாம்பல் திட்டுகள். ஒன்றிரண்டு இல்லை, நாற்பது இருக்கும். சோம்பேறி மூலையை விடுவான். அவசரக்காரன் விளிம்பை விடுவான். நடுவை விட்டவனை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"நான் க்ளெய்ம் எதுவும் போடலியே சகலை," என்றது பின்னாலிருந்து குரல்.

"யாருக்கு விக்கப் போறீங்க?"

"எதை?"

"வீட்டைத்தான். நடிக்காதீங்க. நடுவுல இத்தனை ஓட்டை விட்டா ஒருத்தன் வாங்கமாட்டான்."

"ஓட்டையா? எங்க?"

சர்வேயர் விரலால் காட்டினார். டிரில் மாஸ்டர் அந்த இடத்தை நேராகப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு தடவிப் பார்த்தார். மைதானத்தையே நிமிர வைக்கும் குரல் எங்கோ போயிருந்தது.

"நேராப் பாக்குற எடம் தெரியல சகலை. ரெண்டு கண்ணுலயும். ஓரம் மட்டும்தான். உங்க மூஞ்சி இருக்கிற எடத்துல ஒரே பொகை. இதுல எனக்குக் கெடைச்ச லாபம் அது ஒண்ணுதான்."

சர்வேயருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பஸ்ஸை விட்டு எறங்கினா எல்லா வீடும் ஒரே சாம்பல். மூணு தடவை உங்க பூட்டுல சாவி போட்டேன். ஒரு தடவைதான் நீங்க புடிச்சீங்க. மஞ்சள்னா தூரத்துலயே தட்டுப்படுது."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மறுநாளே வீட்டை வித்துட்டு, பையனோட அடுக்குமாடிக்கு என்னைத் தூக்கிட்டுப் போயிடுவா. ஏழாவது மாடி. அங்க போனா நானும் ஒரு நாற்காலிதான். இங்கன்னா எனக்கு அடி அடியாத் தெரியும். கொஞ்ச நாள் சமாளிச்சுக் காட்டிட்டு நானே சொல்லிடுறேன்." சுவர்ப் பக்கம் திரும்பினார். "ரொம்பத் தெரியுதா?"

இருபத்தாறு வருடம் அறிக்கையில் ஒரு பொய்கூட எழுதாத சர்வேயர், "அப்படி ஒண்ணும் இல்ல," என்றார்.

சனிக்கிழமை காலை அவர் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார். மனைவி கேட்காத கேள்விக்கு, "வெயில் நல்லா இருக்கு," என்று பதில் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். டிரில் மாஸ்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். திட்டை மட்டும் மூடினால் ஒட்டுப் போட்டது காய்ந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஈரம் காயாமல் ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். அந்த ஒட்டுத் தடத்தை வைத்தே எத்தனையோ பேரைப் பிடித்தவர் என்பதால் சர்வேயர் மிக அழகாக இழுத்தார். கடைசித் திட்டும் மறைந்தபோது டாக்சி வந்து நின்றது.

டிரில் மாஸ்டர் ஏணியை விட்டுவிட்டு, உதட்டுக்குள் அடிகளை எண்ணியபடி, தலையைச் சற்றே சாய்த்துத் தெருவை நோக்கி நடந்தார். பெட்டியின் சக்கரச் சத்தம் கொஞ்ச தூரம் உருண்டு வந்து நின்றது.

"என்ன அத்தான், நீங்களா பெயின்ட் அடிக்கிறீங்க?" என்று ஏணியை நோக்கி வந்தது மச்சினியின் குரல்.

சர்வேயர் திரும்பவில்லை. சக்கரம் மறுபடி உருளும் என்று காத்திருந்தார். அது உருளவில்லை. பிரஷ்ஷைத் தோய்த்து, ஏற்கெனவே அடித்து முடித்த பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இன்னொரு முறை இழுத்தார்.