கால்சட்டைக்கு ஒரு கத்தி

மடக்கிய கத்தியை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துக் கனம் பார்த்தார் நாகநாதன். மான்கொம்புப் பிடி, பித்தளைப் பூண். நயினார்கோவிலிலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் வந்ததற்கு இது தகும் என்று பட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற பாக்கர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய், கைக்கடிகாரம், பேனா, கத்தி என்று வாங்கிவந்து விற்கிறவர் அவர்.

"வேட்டி மடிப்புக்குன்னா இது ராசா கணக்கா இருக்கும் அய்யா. பேண்ட்டுப் பையில போட்டா, மாப்பிள்ளை தொடையில எலி குடியிருக்குன்னு கொழுந்தியாளுக சிரிப்பாளுக."

நாகநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டில் காப்புக் கட்டிய மாப்பிள்ளை எவனும், தாலி கட்டி முடிகிறவரை இரும்பில்லாமல் நின்றதில்லை. பந்தல் வாசலில் கத்தியை உருவி எலுமிச்சம்பழத்தில் குத்திக் காட்டிய பிறகுதான் பெண் வீட்டார் வழிவிடுவார்கள். அவர் கல்யாணத்தில் இடுப்பில் இருந்தது முழ நீளச் சூரிக்கத்தி. மதராஸில் உத்தியோகம் பார்க்கும் மகன் மருதுபாண்டியோ, கோட்டும் கால்சட்டையுமாகத்தான் பந்தலுக்கு வருவேன் என்று நின்றான். அதற்கே அவர் அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தார். கடைசியில் அப்பனும் மகனும் ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். ரயிலேறும்போது அவன் சொல்லிவிட்டுப் போனான்: "வெளிய தெரியாத கத்தியாப் பாத்து வாங்குங்கய்யா, வச்சுக்கிறேன். துருத்திக்கிட்டு நின்னுச்சுன்னா எடுத்து வச்சிட்டுத்தான் மணவறையில ஒக்காருவேன்."

பாக்கர் இன்னொன்றை எடுத்து வைத்தார். முத்துச்சிப்பிப் பிடி, அவரைக்காய் போல மெலிந்து லேசாக வளைந்திருந்தது. பெண்பிள்ளைகள் கொண்டையில் செருகுகிற சாமான் என்று நாகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அலகு விரிந்து பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும் முகம் தானாகத் திரும்பியது. நல்ல உருக்கு. ஆனால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தெரியுமா, தெரியாதா? கால்சட்டை போட்டறியாத அவருக்கு அது எப்படித் தெரியும்? பாக்கர் தயங்கித் தயங்கி, கொழும்புக்குப் போகையில் தான் போடுகிற பேண்ட் உள்ளே கொடியில் கிடப்பதாகச் சொன்னார். நாகநாதன் தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு கத்திகளையும் எடுத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் போனார்.

கால் நுழைக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பாயில் மாப்பிள்ளை போலச் சம்மணமிட்டபோது மான்கொம்பு தொடையில் குத்தியது. சிப்பிக்கத்தியைப் போட்டுக்கொண்டு தொடையைத் தடவினார். வெறும் துணிதான் கைக்குப் பட்டது. மறுபடியும் தடவினார். அப்போதுதான் கடைக்குள் ராக்கப்பனின் குரல் கேட்டது. கமுதியிலிருந்து வந்திருக்கும் சம்மந்தி. மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் பார்க்க வந்தவர், கடிகாரத்தை விட்டுவிட்டுக் குறையைப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை பேண்ட்டு போட்டுக்கிட்டு வாராராமில்ல பாய். அந்த வீட்டுல இரும்ப விட்டுட்டாகன்னு எங்க கடைத்தெருவே பேசுது. இரும்பில்லாத மாப்பிள்ளைக்கு நான் எப்பிடிப் பொண்ணக் கூட்டியாந்து நிறுத்துவேன்?"

வேட்டி கொடியில் தொங்கியது. அதைக் கட்டிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விடலாம். ஆனால் காதில் விழுந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டதாகிவிடும். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

ராக்கப்பனின் பார்வை அவருடைய முகத்தில் தொடங்கி, தோள் துண்டில் இறங்கி, கணுக்காலுக்கு மேலேயே முடிந்துபோன கால்சட்டையில் நின்றது. பாக்கர் குனிந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எங்க வீட்டு இரும்பு எங்கன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க சம்மந்தி," என்றார் நாகநாதன்.

ராக்கப்பன் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தெரியவில்லை. நாகநாதன் பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்தார். பரீட்சை பார்க்கவென்றே ஊரிலிருந்து சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தில் குத்தினார். முனை சத்தமில்லாமல் இறங்கியது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவுக்கு ஆகாது. பழத்தோடு கண்ணாடிமேல் வைத்தார். ராக்கப்பன் எடுத்து, பழத்தை உருவி, கட்டைவிரலால் கூர் பார்த்து, திரும்பவும் கண்ணாடிமேலேயே வைத்தார்.

"நிக்கையில தெரியல, சரி. ஒக்காந்தா?"

நாகநாதன் அலகைத் துண்டில் துடைத்து மடக்கிப் பைக்குள் போட்டார். துண்டை உதறி, தெருவைப் பார்க்கக் கடை வாசலிலேயே விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்தார். எங்கோ ஒரு தையல் விட்டது. கருவாட்டுக் கூடையோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றினார். நாகநாதன் யாரையும் பார்க்கவில்லை. மணவறையில் உட்கார்ந்திருப்பவர் போல முதுகு நிமிர்ந்திருந்தது. எதிரே ராக்கப்பன் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து, இந்தத் தொடையையும் அந்தத் தொடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.