உச்சந்தலையில் ஒரு கன்னம்

ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. அன்று மாலை தோல் மருத்துவர் ஒருவர் இருபத்தாறு வயது இளைஞன் ஒருவனுடைய தலையை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தந்தைக்கு எந்த வயதில் வழுக்கை விழுந்தது, தாய்மாமன் தலை எப்படி, தூக்கம் எப்படி, புகைப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்டார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. குறை இதுதான். கடைசிவரை ஒளித்துவைத்துச் சொல்லும் அளவுக்கு இதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. ஆகையால் முதலிலேயே சொல்லியாயிற்று.

அந்த இளைஞன் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் சட்டம் பொருத்திக் கொடுப்பவன். கடைக்கு மூன்று பக்கமும் ஆளுயர நிலைக்கண்ணாடி. மேலே கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகள். வாடிக்கையாளர் நாற்காலியில் அமர்ந்திருக்க, அவர் எதிரே குனிந்து, சட்டம் மூக்கின்மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அவன் குனிந்து அவர்களுடைய மூக்கைப் பார்க்கும் நேரத்தில் அவர்கள் அவனுடைய உச்சியைப் பார்த்தார்கள். புதுக் கண்ணாடியை மாட்டிய மறுகணம் துல்லியமாகத் தெரியும் முதற்பொருள் தன் சொட்டைத் தலையே என்பது அவனுடைய தீராத மனக்குறை.

கடை முதலாளிக்கு அது தீராத வேடிக்கை.

"டேய் கண்ணாடி, கண்கூச்சம் குறைக்கிற லென்ஸ் இந்த வருஷம் ஏன் இவ்வளவு போகுதுன்னு தெரியுமா? எல்லாம் உன் தலையோட புண்ணியம். உனக்குத் தனியா கமிஷன் குடுக்கணும்டா."

அவனும் சிரிப்பான். சிரிப்பதும் சம்பளத்தில் சேர்த்தி.

ஆனால் அவன் மனைவிக்குத் தெரியும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கிய ஆண்டில் அவன் சில மாதங்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விடுமுறை நாள்களில் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். கூப்பிட்டால் வருவான், சாப்பிடுவான், மீண்டும் போய்ப் படுத்துக்கொள்வான். அந்த இருட்டிலிருந்து அவன் எப்படி வெளியே வந்தான் என்பது அவளுக்கும் புரியவில்லை, அவனுக்கும் புரியவில்லை. ஆகவே, மருத்துவரிடம் போகலாம் என்று அவன் தானாகவே சொன்ன அன்று அவள் அகமகிழ்ந்துபோனாள்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது தலையில் விடும் மருந்து. காலையும் மாலையும் சொட்டுக் குழாயால் உச்சியில் விட்டு விரலால் பரப்ப வேண்டும். நடுவில் நிறுத்தினால் வந்ததும் போய்விடும் என்றார். பெட்டிக்குள் பல மடிப்புகளாக மடித்த தாள் ஒன்று இருந்தது. எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்து. அவனோ தொழில்காரன். அதைக் கண்டதும் அவனுக்கு வாசிக்கத் தோன்றவில்லை. அது கடைக்கு ஆகும் என்றுதான் தோன்றியது. வாசிப்புக் கண்ணாடி வாங்க வருவோரிடம் நீட்டும் எழுத்து அட்டை கிழிந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக இந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டான்.

"எந்த வரி வேணும்னாலும் படிங்க சார். இதைப் படிச்சிட்டீங்கன்னா அப்புறம் உலகத்துல எதையும் படிச்சிடலாம்."

அவர்கள் உரக்கப் படித்தார்கள். நாக்குத் தடுமாறுகிறதா, தாளைத் தள்ளிப் பிடிக்கிறார்களா என்று மட்டும் அவன் கவனித்தான்.

மருந்து வேலை செய்தது. ஆண்டு முடிவதற்குள் உச்சியில் கருக்கல் படர்ந்தது. முதலாளியே ஒரு நாள் அவன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னடா, வயல் பச்சை கட்டுது!" என்றார். அன்று அவன் சிரித்தது சம்பளத்துக்காக அல்ல.

அவனுடைய மகள் அப்போது உட்காரப் பழகிவிட்ட கைக்குழந்தை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் குளித்து, தலைக்கு மருந்திட்டு, அவளை வாங்கித் தோளில் ஏற்றிக்கொள்வான். மனைவிக்கு நாளெல்லாம் காத்திருந்து கிடைக்கும் ஓய்வு அந்த நேரந்தான். குழந்தை அவன் கழுத்தின் இருபுறமும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அவன் முடியைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை உச்சியில் சாய்த்துவிடுவாள். அவன் அவள் முதுகைக் கையால் தாங்கிக்கொண்டு, அறைக்கும் கூடத்துக்கும் நடப்பான். சன்னலுக்கும் கதவுக்கும் இடையில் எங்கோ அவள் உறங்கிவிடுவாள். வேறு எவர் தோளிலும் அவளுக்கு உறக்கம் வராது. அதில் அவனுக்கு வெளியில் சொல்லிக்கொள்ளாத பெருமை ஒன்று உண்டு.

அவன் மாமியார் ஒரு மாதம் தங்க வந்தபோது, பேத்தியைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டே கூடத்துக்குக் குரல் கொடுத்தாள்.

"மாப்பிள்ளை, உங்க தலையில இருந்து எறங்கினது எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுது. அத்தனையும் உங்க பொண்ணு நெத்தியில ஏறி உக்காந்திருக்கு!"

"அத்தை, எதையும் வீணாக்காத குடும்பம் எங்களோடது" என்றான் அவன்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் மனைவி மட்டும் குழந்தையை விளக்கடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நெற்றியில், கன்னத்தில், காதோரத்தில், தோளில், எங்கும் கருகருவென்று பூனைமுடி. பிறந்தபோது இருந்ததைப் போன்ற மென்மயிர் அன்று, நீளமானது, கருமையானது.

குழந்தை மருத்துவரான அம்மையார் அதைக் கண்டதும் சிரிக்கவில்லை. உடம்பில் சுரக்கும் ஏதோ ஒன்று தாறுமாறாகச் சுரந்தாலும் இப்படி ஆகலாம் என்று சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்தியபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். முடிவு வரச் சில நாள் ஆகும் என்றார்கள். கடையில் ஒருவருக்கு இடக்கண் வில்லையை வலக்கண்ணில் பொருத்திக் கொடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மாலையில் வழக்கம்போல் மருந்திட்டான். வழக்கம்போல் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அந்த நாள்களில் அவனால் அவளுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

பரிசோதனை முடிவில் ஒரு கோளாறும் இல்லை. மருத்துவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தாளைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். காத்திருந்த களைப்பில் குழந்தை அவன் தோளிலேயே, உச்சியில் கன்னத்தை வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் இப்படித்தான் தூங்குவாளா?"

"ஆமா மேடம். என்கிட்ட மட்டும்."

"தலைக்கு ஏதாவது போடுறீங்களா?"

அவன் மருந்தின் பெயரைச் சொன்னான். மருத்துவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"இன்னிக்கே நிறுத்துங்க. அந்த மருந்து உங்க தலையில இருந்து இவ தோலுக்குப் போயிருக்கு. கையில ஒட்டி வாய்க்கும் போயிருக்கும். நல்லவேளை, இதயத்துடிப்பு சரியா இருக்கு. தலையணை உறையெல்லாம் துவைச்சுப் போடுங்க. சில மாசத்துல முடி தானா கொட்டிடும்."

மனைவி அழுதாள். அவனுக்கு அழுகைகூட வரவில்லை. தோளில் உறங்கும் குழந்தையைக் கீழே இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். இறக்கினால் விழித்துக்கொள்வாள், இறக்காவிட்டால் நஞ்சின்மேல் உறங்குவாள். மனைவிதான் எழுந்து வாங்கிக்கொண்டாள். வீடுவரை குழந்தை வீறிட்டு அழுதாள்.

மறுநாளே தோல் மருத்துவரிடம் போனான். வழியெல்லாம் சட்டையைப் பிடித்து உலுக்குவதைப்போல் கேட்க வேண்டும் என்று சொற்களை அடுக்கிக்கொண்டு போனவன், நாற்காலியில் உட்கார்ந்ததும் தாழ்ந்த குரலில்தான் கேட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"உள்ள தாள்ல போட்டிருக்கே. படிக்கலையா?"

அவனுக்குக் காதில் எவரோ வாசிப்பதுபோல் இருந்தது. 'மருந்திட்ட இடம் கைக்குழந்தைகளின் தோலில் படாதவாறு…' பூப்போட்ட பையுடன் கடைக்கு வந்த அம்மாள் வாசித்தது. பல் மருத்துவர் வாசித்தது. கால் ஊனமுற்ற பெரியவர், இரண்டு வில்லைகள் மாற்றிய பிறகு, பிசிறில்லாமல் வாசித்தது. "அருமையா படிச்சீங்க சார்!" என்று அவனே பாராட்டியிருக்கிறான்.

அந்தத் தாளைக் காட்டித் தப்பித்துக்கொண்ட மருத்துவருக்கு அவன் காது மந்தமாயிருந்ததைக் குறை கூறும் உரிமை கிடையாது. கேள்வி கேட்பதற்கென்றே கட்டணம் வாங்குகிறவர் அவர். கேட்க வேண்டியதைக் கடுகெழுத்தில் அச்சிட்டு மடித்துவைத்துவிட்டால் கடமை தீர்ந்துவிடுமா?

"மருந்தைப் போட்டுக்கிட்டே குழந்தையைத் தள்ளி வெச்சுப் பாருங்களேன்" என்றார் மருத்துவர்.

"அது முடியாது சார்."

"அப்ப மாத்திரைக்கு மாறிடலாம். தினம் ஒண்ணு. தலையில எதுவும் இருக்காது, குழந்தைக்குப் போகாது. ஒண்ணு ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிடறேன். சிலருக்குத் தாம்பத்தியத்துல நாட்டம் குறையலாம். சிலருக்கு மனச்சோர்வு வரலாம். ரொம்பச் சிலருக்குத்தான்."

"நான் அந்தச் சிலர்ல ஒருத்தனா சார்?"

"சாப்பிட்டாத்தான் தெரியும்."

"வந்தா, நிறுத்தினதும் போயிடுமா?"

"பெரும்பாலும் போயிடும்."

"எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை அப்படி இருந்துச்சு சார். முடி கொட்டினப்ப."

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். "அப்ப கொஞ்சம் யோசிக்கணும். சாப்பிட்டா வீட்டுல யாராவது உங்களைக் கவனிச்சுக்கணும்."

"நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"உங்க விருப்பம்."

சட்டப்படி அது மரியாதையான விடையே. அவனுக்கோ, கிணற்றுக்குள் கிடப்பவனிடம் எந்தக் கரையில் ஏற விருப்பம் என்று கேட்டதுபோல் இருந்தது. முடி போனால் அந்தப் பழைய இருட்டு வரலாம். முடியைக் காக்கும் மாத்திரையாலும் அதே இருட்டு வரலாம். எந்த வாசல் வழியாக அது உள்ளே வரவேண்டும் என்பது மட்டுமே அவனுடைய விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. மாத்திரை அட்டை ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

"நீ சொல்லு" என்றான் மனைவியிடம்.

"நான் சொல்ல மாட்டேங்க."

"ஏன்?"

"சாப்பிடுங்கன்னு சொல்லி உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா? வேண்டாம்னு சொல்லி நீங்க மறுபடியும் செவுத்தைப் பார்த்துப் படுத்தீங்கன்னா? ரெண்டுக்கும் நான்தான் பதில் சொல்லணும். என்னால முடியாது."

"உனக்கு நான் எப்படி இருந்தாப் பிடிக்கும்னாவது சொல்லேன்."

"மொட்டையா இருந்தாலும் பிடிக்கும்."

"இது ஆறுதலுக்குச் சொல்றது."

"ஆமா, ஆறுதலுக்குத்தான் சொல்றேன். வேற என்ன கையில இருக்கு எனக்கு?" என்றாள் அவள், குரல் உடைந்து.

அறைவாசலில் நின்ற மாமியார், "மாப்பிள்ளை, நான் அன்னிக்கு விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றாள்.

"விளையாட்டுக்குச் சொன்னாலும் நீங்க ஒருத்தர்தான் அத்தை சரியாச் சொன்னீங்க."

மருந்தை நிறுத்தியபின் சில நாள் தலையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அந்த நாள்களில் குழந்தையைத் தோளில் ஏற்றவில்லை. மனைவியின் மடியில் அவள் அழுது அழுது, தொண்டை கம்மி, களைத்துத்தான் உறங்கினாள். இனிப் பயமில்லை என்று குழந்தை மருத்துவர் சொன்ன மாலையில் அவளைத் தூக்கினான். அவள் முதலில் அவன் முடியைப் பிடித்திழுத்துப் பார்த்தாள். பிறகு நெடுநாள் பிரிந்திருந்தவளைப்போல் கன்னத்தை உச்சியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். கையோடு வந்த முடி அவள் விரலிடுக்கில் இருந்தது.

அதன்பின் இருவருக்கும் ஒன்றாகக் கொட்டியது. அவளுக்கு நெற்றி வெளுத்தது, கன்னம் பளிங்காயிற்று. வீடே அதைக் கொண்டாடியது. அவனுக்கு மருந்து கொண்டுவந்ததெல்லாம் போயிற்று. அதற்குமுன் இருந்ததிலும் கொஞ்சம் சேர்ந்து போயிற்று. காலையில் வெள்ளைத் தலையணை உறையில் அவனுடைய முடியும் அவளுடைய பூனைமுடியும் கலந்து கிடக்கும். எது மகிழ்ச்சிக்குரியது, எது துயரத்துக்குரியது என்று பிரிக்க வழியில்லை. மனைவி உறையை உருவிப் பால்கனியில் ஒரே உதறாக உதறிவிடுவாள்.

மாத்திரை அட்டை இப்போது கடையில், வில்லை துடைக்கும் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் எடுத்துப் பார்ப்பான். வெள்ளித்தாளின்மேல் கட்டைவிரலை வைப்பான், அழுத்தமாட்டான். மூன்று கண்ணாடிகளிலும் மூன்று பேர் அதேபோல் தயங்கி நிற்பார்கள். முதல் வாடிக்கையாளர் கதவைத் தள்ளும் ஓசை கேட்டதும் உள்ளே வைத்துவிட்டுக் குனியப் போய்விடுவான். கூச்சம் குறைக்கும் லென்ஸைப் பற்றி முதலாளி இப்போது பேசுவதில்லை. அந்த இரக்கம் பழைய கேலியைவிடச் சுடுகிறது.

அவனுக்கு விடை சொல்ல எவரும் இல்லை. சொல்லத் தெரிந்தவரும் இல்லை. ஆனால் உங்களுக்குச் செய்ய ஒன்று இருக்கிறது. இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் அப்படியொரு மருந்துப் புட்டி இருந்தால், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்து, உங்கள் காதில் விழும்படி உரக்க வாசியுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தலையில் கன்னம் வைத்து உறங்குவது யார் என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவர் அதைக் கையால் எழுதிக்கொள்வதைக் கண்ணால் பாருங்கள். அதற்குப் பிறகு தலையைக் காட்டுங்கள்.