பன்னிரண்டு கத்தரியும் ஒளுத் தண்ணீரும்

ஏழாவது கத்தரிச்செடி ஒரு வியாழக்கிழமை காலையில் சாய்ந்தது. சாய்ந்தது என்றால் விழவில்லை. காய்ச்சல்காரர் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்வதுபோல, பக்கத்தில் ஊன்றியிருந்த குச்சியில் சாய்ந்து, இலைகளையெல்லாம் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. லேசாகத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. வேர் இருக்கவேண்டிய இடத்தில் ஊறிப்போன தேங்காய்நார் மாதிரி ஏதோ இருந்தது. நான் பெரம்பலூரில் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். கத்தரியின் அறிவியல் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவிடுவேன். அதற்குமேல் கத்தரிக்கும் எனக்கும் பழக்கம் கிடையாது.

இந்தப் பன்னிரண்டு செடிகளும் சாதாரணச் செடிகளாக இருந்திருந்தால் பரவாயில்லை. அத்தா, அதாவது என் அப்பா, குவைத்துக்குப் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அங்கே உயரமான கட்டடங்களில் ஏ.சி. பராமரிப்பு. எனக்கு இருபது வயது. அதில் அவரை நேரில் பார்த்த நாட்களைச் சேர்த்துக் கூட்டினால் இரண்டு வருடம்கூட வராது. தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்து ஒரு யோசனை சொன்னார். பங்குனியோடு ஒப்பந்தம் முடிகிறது, கம்பெனி இன்னும் மூன்று வருடத்துக்குக் கேட்கிறது, தனக்கோ ஊருக்கு வந்து வெள்ளாற்றோரம் கிடக்கும் ஒரு ஏக்கரில் விவசாயம் பார்க்க ஆசை. ஆனால் பத்தொன்பது வருடமாக மண்ணைத் தொடாத கைக்கு மண் ஒத்துவருமா என்று பயம். அதனால் ஒரு சோதனை. அவர் கைக்குப் பதிலாக என் கையால் கொல்லையில் பன்னிரண்டு கத்தரி வைப்பது; காய் வந்தால் அவர் முடித்துக்கொண்டு வந்துவிடுவார், வராவிட்டால் இன்னும் மூன்று வருடம். சொல்லும்போது சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஐந்தாவது வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

வேப்பந்தட்டை போய் நாற்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து நட்டேன். முதல் ஒரு மாதம் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. காலையில் எழுந்தவுடன் இலையைத் திருப்பிப் பார்ப்பேன். ஊதாப் பூ ஒன்று வந்த அன்று அதைப் பதினான்கு கோணத்தில் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டேன். மூன்று பேர் அதை ரோஜா என்று நினைத்து வாழ்த்தினார்கள். தாவரவியல் வகுப்பு.

தண்ணீருக்கும் கவலையில்லை. போன விடுமுறையில் அத்தா சும்மா இருக்க முடியாமல், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுக் குழாயடியை உடைத்து, அந்தத் தண்ணீர் அத்தனையும் கொல்லைக்குப் போகிற மாதிரி சிமெண்டுத் தரைக்கு அடியில் ஒரு பைப்பைப் பதித்துவிட்டுப் போயிருந்தார். ஒளுத் தண்ணீர் சாக்கடையில் சேரக்கூடாது என்பது அவர் கட்சி. அந்தப் பைப்பு பாத்தியின் நட்டநடுவில் வாயைத் திறந்தது. வீட்டில் அம்மாவும் நானும். இரண்டு பேர் ஒளுவுக்குப் பன்னிரண்டு செடி சரியான கணக்கு.

பிறகு நோன்பு வந்தது.

எங்கள் தெருவில் நோன்பு மாதம் முழுக்க இரவுத் தொழுகைக்குப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். எந்த வீடு என்பது சின்ன விஷயமில்லை. அம்மா ஆறு வருடமாகக் கேட்டு இந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது. முப்பத்திரண்டு பெண்கள். முப்பத்திரண்டு பேருக்கும் முகம் மூன்று முறை, கை மூன்று முறை, கால் மூன்று முறை. எங்கள் மண்ணோ கரிசல். குடித்த தண்ணீரை லேசில் விடாது. காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி ஆடு குளிப்பாட்டும் குட்டை மாதிரி நிற்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. வாளி வைத்தேன், நிறைந்து வழிந்தது. பைப்பு வாயில் துணியைத் திணித்தேன். தண்ணீர் வந்த வழியே திரும்பிப்போய், தொழ வந்திருந்த ஆஃப்ரா மாமியின் சேலையை முழங்கால்வரை நனைத்தது. மறுநாள் துணியைக் காணோம். கடைசியாக, வருகிறவர்களை அவரவர் வீட்டிலேயே ஒளு செய்துவிட்டு வரச் சொன்னால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வர்றவங்கள்ட்ட தண்ணி தொடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது தம்பி" என்றார் அம்மா. சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் பார்த்தார். அவர் அந்தப் பக்கம் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து செடிகளை எண்ணுகிறவர் அவர்தான். எண்ணியதை என்னிடம் சொல்லமாட்டார்.

வாய்க்கால் ஒன்று வெட்டினேன். பாத்தியிலிருந்து பின்சுவர் வரைக்கும். சுவரடியில் ஒரு ஓட்டை. அந்தப் பக்கம் பொன்னாயி அக்கா வீடு. நூறுநாள் வேலைக்குப் போகிறவர், ஒரு ஆடு வைத்திருக்கிறார். அவர் பக்கம் சரிவு, சரளை மண். என் செடிகளை மூழ்கடித்த மிச்சம் அங்கே போய், நிற்காமல் ஊறி, அவர் போனால்போகட்டும் என்று ஊன்றிவைத்திருந்த கத்தரிகளில் ஏறியது. பத்தே நாளில் அவை இடுப்பு உயரம் நின்றன. காய் கொத்துக்கொத்தாக.

"ஒங்க வூட்டுத் தொழுவையெல்லாம் என் கத்திரிக்கில்ல பலிக்குது" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார். பிறகு என் பாத்தியைப் பார்த்து, "செடிக்குக் குளிர் வந்துருக்கும், ஒரு போர்வையப் போத்தி வுடுடா" என்றார். பேச்சு அப்படித்தான். மறுநாளே ஒரு கூடைச் சரளையைச் சுமந்துவந்து என் பாத்தியில் கொட்டிவிட்டுப் போனார். அது சேற்றுக்குள் இறங்கிக் காணாமல்போனது.

வெள்ளிக்கிழமைகளை ஒருமாதிரி சமாளித்தேன். கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனால் ஒரு செடியும் தோட்டம்தான். ஐந்து செடி இருந்தபோது ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டினேன். இரண்டு செடி இருந்தபோது சிக்னல் இல்லை என்றேன். அத்தா நம்பினாரா தெரியாது. குவைத்திலிருந்து பார்க்கிறவருக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன வழி.

இருபத்துமூன்றாம் நோன்பு வெள்ளிக்கிழமை, ஒரு செடி மிச்சம். அதில் ஒரு பூ. அங்கே ஜும்மா தொழுகை முடிந்து அத்தா கூப்பிட்டபோது இங்கே மூன்றரை மணி. புதுச் சட்டை போட்டிருந்தார். பின்னால் அடுக்குக் கட்டில்கள், கொடியில் காயும் துண்டுகள். அம்மா என் தோளுக்குப் பின்னால், கேமராவில் படாமல் நின்றார்.

"நாளைக்கு ஆபீஸ்ல பேப்பர் வைக்கிறாங்க" என்றார் அத்தா. "கையெழுத்துப் போடணும், இல்லன்னா மாட்டேன்னு சொல்லணும். செடியக் காட்டு தம்பி. இன்னைக்கு முழுசாக் காட்டு. கிட்டக் கிட்டக் காட்டி ஏமாத்தாத."

நான் சேற்றில் நின்றேன். உண்மையைக் காட்டினால் மூன்று வருடம். வேறெதையாவது காட்டினால், பொய்யை நம்பி வேலையை விட்டு வருகிற மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வது. இரண்டுமே என் கையில் இருந்த போனைவிடக் கனமாக இருந்தன. ஒரு வாரம் முன்புதான், வாசலில் துணி விற்க வந்தவரிடம் ஆளில்லை என்று நான் சொல்லச் சொன்னதற்கு, நோன்பு வாயால் பொய் சொல்லமாட்டேன் என்று என்னைத் திட்டிய அம்மா, என் முழங்கையைத் தொட்டார்.

"செவத்துக்கு அந்தாண்ட காட்டு" என்றார், உதடு மட்டும் அசைய.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒற்றைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனைச் சுவருக்கு மேலே தூக்கினேன். வரிசையாகச் செடிகள், இலைக்கடியில் மினுமினுவென்று ஊதாக் காய்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பொன்னாயி அக்கா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். ஓரமாக நகர்ந்து குனிந்துகொண்டார். அத்தா எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது, பத்து, பதினொன்று என்று மெதுவாகக் கேட்டது.

"பைப்பு வேலை செஞ்சிருக்கு பாத்தியா" என்றார். "நான் போட்ட பைப்பு."

அதில் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம்.

பொன்னாயி அக்கா கீழே உட்கார்ந்தபடி ஆட்டுக் கயிற்றைச் சுண்டினார். ஆடு வரவில்லை. செடிகளுக்கு நடுவே நடந்துவந்து, படத்தின் மத்தியில் நின்று, நிதானமாக ஒரு இலையைக் கடித்தது.

"ஆடு எப்ப வாங்குனீங்க?" என்றார் அத்தா.

அம்மா பதில் சொல்வார் என்று திரும்பினேன். அம்மா அங்கே இல்லை. உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அஸர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. அம்மா ஒளு செய்துகொண்டிருந்தார். என் காலடியில் பைப்பு ஒருமுறை இருமிவிட்டுத் தண்ணீரை விட்டது. அது கடைசிச் செடியைச் சுற்றி நிறைந்து, வாய்க்காலில் இறங்கி, சுவர் ஓட்டைக்குள் நுழைந்தது. அத்தா மறுபடி கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம், மெல்லுவதை நிறுத்தாமல், ஆடு நனைந்த ஒரு காலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டது.