இருவரை ஒருவராக்கியவள்

இந்த இரண்டு பேரில் யார் இல்லாவிட்டாலும் கதை நிற்காதே, பிறகு எதற்கு இரண்டு பேர் என்று அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். கேட்டபடியே ஏழாம் பக்கத்தில் மாத்திரை எண்ணும் அண்ணனையும் அதை உறையில் போடும் தம்பியையும் ஒரே கடைக்காரராக மாற்றி எழுதினாள். மறுநாள் காலை தெருமுனை மருந்துக்கடையில் அண்ணன் தம்பி இருவர் இருந்த இடத்தில் ஒருவர் இருந்தார். அண்ணனின் வழுக்கையும் தம்பியின் சிரிப்பும் அவருக்கு இருந்தன. அண்ணன் கல்யாணம் ஆகாதவர் என்பதால் பெரிய சிக்கல் எழவில்லை. தம்பியின் மனைவி ஒரு வாரம் அழுதாள். அடுத்த வாரம், "ஆளுதான் ஒண்ணு, சாப்பாடு ரெண்டு ஆளு சாப்பாடு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குறும்படங்களுக்குக் கதை எழுதுவது அவள் தொழில். ஒரு பக்கம் ஒரு நிமிடம், பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை வெட்டி, அந்த ஆள் கதையை எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்று ஒரே வரியில் எழுதிச் சுவரில் குத்துவாள். இரண்டு அட்டையில் ஒரே வரி வந்தால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஒரே ஊசியில் குத்திவிடுவாள். ஒன்பது வருடத்தில் இப்படி இரண்டு கணக்கு வாத்தியார்கள் ஒருவரானார்கள், ஆஸ்பத்திரியில் மூன்று நர்சுகள் ஒருத்தியானார்கள், தபால் நிலையத்தில் ஒரு ஜன்னலை நிரந்தரமாக மூடினார்கள். படங்கள் கச்சிதமாக இருந்தன, பரிசுகள் வந்தன. ஊருக்கும் பழகிவிட்டது. ஒருநாள் எதிர்வீட்டு மருமகள் வந்து, "அக்கா, என் மாமியாரையும் நாத்தனாரையும் ஒண்ணாக்கி விட்டுடுங்க, ஒரு வாயாவது குறையும்" என்று கேட்டாள். கதைக்குத் தேவைப்பட்டால்தான் நடக்கும் என்று சொல்லி அவளை அனுப்ப வேண்டியிருந்தது. யாருடைய சாயலும் இல்லாத ஆட்களாக எழுதிப் பார்த்தாள். எப்படி எழுதினாலும் ஊரில் எங்கோ அந்தச் சாயலில் இரண்டு பேர் இருந்தார்கள்.

யாரும் சாகவில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். அது உண்மைதான். ஆனால் கதைக்கு வேண்டியது மட்டும்தான் மிஞ்சிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது. மருந்துக்கடை அண்ணன் மாத்திரை எண்ணும்போது மெல்லிசாக ஏதோ முனகுவார், எண்ணிக்கை தப்பிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். மிஞ்சியவரிடம் அந்த முனகல் இல்லை. அது இல்லையென்று யாருக்கும் தெரியவில்லை. தலைவலி இல்லாத நாளிலும் அவள் மட்டும் போய் மாத்திரை கேட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து மறுபடியும் எழுதினாள். ஒரு பக்கம் இறுகும்போது உடம்புக்குள் ஒரு சுகம் பரவும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போதுதான் அவள் தம்பி தான் எடுக்கப்போகும் படத்துக்குக் கதை கேட்டு வந்தான். அவனுக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். தையல் மிஷினில் உட்கார்ந்து சம்பாதித்த பெரியக்காவும் மடியில் போட்டுத் தூங்கவைத்த சின்னக்காவான அவளும்தான் அவனை ஆளாக்கினார்கள். அக்காக்கள் இருவரும் இன்றும் அதே மாடிவீட்டில் சேர்ந்தே இருந்தார்கள். அந்தக் கதையைத்தான் அவன் போட்டிக்கு எடுக்க நினைத்தான். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி, பன்னிரண்டு நிமிடம். சின்னக்கா எழுதி முடித்தபோது பதினைந்து பக்கம் வந்திருந்தது.

"பெரியக்கா அடிக்கிறா, நீ அணைக்கிற. ஒரே அக்கா அடிச்சிட்டு அவளே அணைச்சா எப்படி இருக்கும்? மூணு பக்கம் மிச்சம், சின்னக்கா."

அவன் சொன்னது சரி. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் மனதுக்குள் ஒரு அட்டையை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்திருந்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அவள் பயந்ததே அதற்குத்தான்.

"நீயே மாத்திக்கோயேன்டா," என்றாள்.

அவன் முயன்றுதான் இருந்தான். அவன் எழுதினால் ஊரிலும் ஒன்றும் நடக்காது, படத்திலும் ஒன்றும் நடக்காது.

"என்ன ஆகிடப் போகுது? எப்படியும் ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க."

பெரியக்கா மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "ஒண்ணாக்கிடுடி. என் முட்டி ரெண்டும் போச்சு. உன் முட்டியில மாடி ஏறிக்கிறேன்."

"நீ ஏறிடுவ. நான் எங்க இருப்பேன்?"

"உள்ள ஒரு ஓரமா உக்காந்துக்கோ. எப்பவும் அப்படித்தான இருக்க."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது அக்காவின் வாயும் சேர்ந்து திறக்கும். தெருவில் நடந்தால் ஒரு கடைப் பலகை விடாமல் உரக்கப் படிப்பாள். எந்தப் படமானாலும் முடிவை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிவு வரும்போது அதிர்ந்துபோய் அழுவாள். இவற்றில் எதுவும் பதினைந்து பக்கத்தில் இல்லை. கதையை எதுவும் எந்தப் பக்கமும் தள்ளவில்லை. ஒரு வரி மாற்றினால் நாளைக் காலை அடிக்கவும் அணைக்கவும் தெரிந்த ஒருத்தி இந்த வீட்டுக் கட்டிலிலிருந்து எழுந்திருப்பாள். தம்பி வந்து அவளிடம் பரிசைக் காட்டுவான். அவளும் எதையும் தேட மாட்டாள், அவனும் தேட மாட்டான். யாருக்கும் எதுவும் குறையாது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தம்பி பேனாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினான். "அடுத்த மாசம் எனக்கு நாப்பது முடியுது, சின்னக்கா. இதை விட்டா எனக்கு வேற இல்ல."

அந்தக் குரலை அவளுக்கு அவன் நாலு வயதிலிருந்து தெரியும். அது கேட்டு அவள் இல்லையென்று சொன்னதில்லை. பேனாவை எடுத்தாள். கடைசித் தாளின் அடியில் பதினைந்து என்று எண் போட்டு, தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"பதினஞ்சு நிமிஷம்ப்பா."

"எடுத்துக்க மாட்டாங்க சின்னக்கா."

"தெரியும்," என்றாள்.