முகத்துவாரத்து மச்சம்

காரைக்காலில் ஷகீலின் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஆல்பத்தைப் பார்த்து ஒருதரமாவது "இது நானா?" என்று கேட்டிருப்பார்கள். அதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான். மணப்பெண்ணின் பரு மறையும். மாப்பிள்ளையின் தொப்பை உள்வாங்கும். கல்யாண மண்டபத்து ஜன்னல் வழியாகப் பனிமலை தெரியும். ஒருமுறை வானம் சாம்பலாக இருந்த ஆல்பத்தைப் பெண்ணின் தாயார் அவன் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்த வானத்தையும் அவன் இருந்தபடி விட்டதில்லை.

இந்த ஷகீலைத் தேடித்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கும் பாரதிப்ரியா டீச்சர் வந்தார்.

"பள்ளிக்கூடத்துல கண்காட்சி வச்சிருக்கோம், ஷகீல் பாய். புகைப்படத்தை வச்சு ஒரு எடத்தை எப்படிப் படிக்கிறதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டணும். ஒரே எடத்துக்கு மூணு படம் வேணும். தரையில நின்னு நேரா ஒண்ணு. உயரத்துல இருந்து சாய்வா ஒண்ணு. தலைக்கு மேல இருந்து செங்குத்தா ஒண்ணு."

"எந்த எடம் டீச்சர்?"

"அரசலாறு கடல்ல சேருற முகத்துவாரம். ட்ரோனுக்குப் போலீஸ்ல அனுமதி வாங்கிட்டேன்."

ஆட்களே இல்லாத படத்தை ஷகீல் அதுவரை எடுத்ததில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினான். இருந்தாலும் மாலை நாலு மணிக்குக் கரையில் நின்று கடலைப் பார்த்து ஒன்று எடுத்தான். கலங்கரை விளக்கத்தின் மேலேறி, மூச்சு வாங்க, சாய்வாக ஒன்று எடுத்தான். மறுநாள் தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் ட்ரோனைத் தூக்கிவிட்டு நேர் மேலிருந்து மூன்றாவதையும் எடுத்தான்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது அவனுக்கு மனசு ஆறவில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்துக்காகக் கேட்கிறார், இப்படி அழுது வடிகிற படத்தையா கொடுப்பது? இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து கைவேலை பார்த்தான். முதல் படத்தில் கடலுக்கு மேல் தகதகவென்று ஒரு சூரியனை வைத்தான். இரண்டாவதில் கரை வெறிச்சென்று இருந்ததால், நின்றிருந்த ஒரே படகை நகலெடுத்து இன்னும் இரண்டு சேர்த்தான். மூன்றாவதில் ஆற்றின் வாயில் பழுப்பாக, கன்னத்து மச்சம்போல ஏதோ அசிங்கமாகத் தெரிந்தது. அதைத் துடைத்து நீலம் பூசினான். வயலையும் பச்சையாக்கினான். பெரிய ஃப்ளெக்ஸில் அச்சடித்து, கண்காட்சி அன்று காலைதான் கொண்டுபோய்ச் சேர்த்தான். டீச்சருக்கு உற்றுப் பார்க்க நேரமில்லை. "ரொம்ப அழகா இருக்கே!" என்றார். ஷகீலுக்கு உச்சி குளிர்ந்தது.

சிறப்பு விருந்தினராகக் கரையோர வேலைகளைக் கவனிக்கும் பொறியாளர் குணசேகரன் வந்திருந்தார். மீனவர் பஞ்சாயத்துச் சார்பில் சிங்காரவேலுவும் வந்திருந்தார். விளக்கம் சொல்ல நின்றவள் நிலா என்ற மாணவி.

"இந்தப் படம் எந்நேரத்துல எடுத்தது, சொல்லு பாப்போம்?" என்றார் பொறியாளர்.

நிலா முதல் படத்தை நெருங்கிப் பார்த்தாள். "சூரியனைப் பாத்தா காலையிலங்க சார். நெழலைப் பாத்தா சாயங்காலம்."

"ரெண்டுல எதும்மா?"

"தெரியலைங்க சார். நம்ம ஊர்ல கடல் கெழக்க இருக்கு. சூரியனும் கடலுக்கு மேல இருக்கு. ஆனா நெழல் எல்லாம் சூரியனைப் பாத்தே போவுதுங்க சார்."

பாரதிப்ரியா டீச்சர் மெதுவாகத் திரும்பி ஷகீலைப் பார்த்தார். ஷகீல் கேமராவின் மூடியைக் கழற்றி மாட்டினான்; மறுபடி கழற்றினான்.

அதற்குள் இரண்டாவது படத்தின் முன்னால் சிங்காரவேலு நின்றுவிட்டார்.

"இது என் படகுல்ல! பக்கத்துல இருக்கிறதும் என் நம்பரு. அதுக்குப் பக்கத்துலயும் என் நம்பரு. மூணுலயும் நாந்தான் நின்னு வலையை உதறிக்கிட்டு இருக்கேன். ஏன் தம்பி, எனக்கே தெரியாம எனக்கு எத்தனை படகு?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஷகீலுக்குக் காது மடல் சுட்டது. கும்பலோடு கும்பலாக நழுவிவிடலாம் என்று வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தான். அப்போதுதான் பொறியாளர் மூன்றாவது படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பரவாயில்லையே! முகத்துவாரம் இவ்வளவு சுத்தமா இருக்கே! இதுக்கா தூர் வாரச் சொல்லி மனு மேல மனு போட்டீங்க?" என்று செல்போனை எடுத்து அதைப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

சிங்காரவேலுவின் முகம் மாறிவிட்டது. படத்தின் மேல் விரலை வைத்து அங்கும் இங்கும் தேடினார்.

"இங்க ஒரு மணல்திட்டு இருக்குமே. எங்கங்க அது? போன மாசம் அதுல மோதித்தான முத்தையன் படகு கவுந்துச்சு! அவன் கையில கட்டு இன்னும் பிரிக்கல. ஏழு வருஷமா கேக்குறோம், ஒரு கூடை மண்ணு அள்ளல. இப்ப எப்படிங்க காணாமப் போச்சு?"

ஷகீலின் கால் நின்றுவிட்டது. முத்தையனின் தங்கை கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் அவன்தான். மச்சம் என்று தான் துடைத்தது எது என்று அந்த நொடியில்தான் அவனுக்கு உறைத்தது. "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தான்.

"சார், திட்டு இருக்குங்க. நாந்தான் எடுத்துட்டேன்."

பொறியாளர் செல்போனை இறக்கினார். "எடுத்துட்டீங்களா? யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க? எத்தனை லோடு?"

"லோடு இல்லைங்க சார். மவுஸால எடுத்தேன்."

கூடமே அதிர்ந்து சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "அசல் இருக்கா பாய்?" என்றார். மெமரி கார்டு பையிலேயே இருந்தது. பள்ளியின் புரொஜெக்டரில் அதை மாட்டினார்கள். சுவரில் மங்கலான கடலும், வாடிய வயலும், ஆற்றின் வாயை அடைத்துப் படுத்திருந்த பழுப்புத் திட்டும் வந்து நின்றன. ஷகீல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவன் கொடுத்ததிலேயே அவலட்சணமான படம் அதுதான். ஆனால் பிள்ளைகள் அதைத்தான் மொய்த்தார்கள்.

"சிங்காரவேலு ஐயா, உங்க படகு எத்தனை அடிங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"முப்பது."

படத்தில் திட்டுக்கு அருகே அவருடையதைப் போலவே ஒரு ஃபைபர் படகு நின்றது. நிலா அந்தப் படகின் நீளத்துக்கு நூலைக் கத்தரித்துக்கொண்டு சுவரில் வைத்து வைத்துப் போனாள். திட்டு பதினோரு நூல் வந்தது.

"முந்நூத்து முப்பது அடிங்க சார்!"

பொறியாளர் செல்போனில் இருந்த பழைய படத்தை அழித்துவிட்டு, சுவரில் இருந்ததை எடுத்துக்கொண்டார். "நேர்ல வந்து பாக்குறேன்" என்றார்.

"இந்தப் பதிலையும் ஏழு வருஷமா கேட்டுக்கிட்டுத்தாங்க இருக்கோம்" என்றார் சிங்காரவேலு.

ஆனால் இந்தத் தடவை பொறியாளர் சொன்னபடியே வந்துவிட்டார். மூன்றாவது வாரம் அளவெடுக்கும் படகு ஒன்று முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. படத்தை வைத்து வழி சொல்வதற்காக ஷகீலையும் அதில் ஏற்றியிருந்தார்கள். "இடப்பக்கம் போவாதீங்க சார்" என்று அவன் சொன்னான். "எங்ககிட்ட கருவி இருக்கு தம்பி" என்றார் பொறியாளர். சொல்லி வாய் மூடுவதற்குள் அடியில் கரகரவென்று சத்தம். படகு ஏறி உட்கார்ந்துவிட்டது.

எஞ்சின் உறுமியது, படகு அசையவில்லை. எடை குறையட்டும் என்று எல்லோரும் இறங்கினார்கள். பொறியாளர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கடலின் நடுவில் நின்றார். சிங்காரவேலு தன் படகில் வந்து கயிறு வீசினார். இழுப்பதற்குமுன் நிதானமாக ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

"வேலை ஆரம்பிச்சிடுவீங்கல்ல சார்?"

"மொதல்ல இழுங்கய்யா!"

ஷகீல் தரைமட்டப் படம் ஒன்று எடுத்தான். மாலை வெயில் மேற்கேயிருந்து அடித்தது. ஆட்களின் நிழல்கள் கடல் பக்கமாக ஒழுங்காக விழுந்தன. பொறியாளரின் முகம் கோணலாக இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் அந்தப் படத்தை வகுப்பில் மாட்டி, அதிலிருந்து தெரியவருவதை எழுதச் சொன்னார். நிலா எழுதினாள்: நேரம், மாலை. அலை, குறைவு. திட்டின் மேல் நீரின் ஆழம், பொறியாளரின் முழங்காலுக்கு நாலு விரல் கீழே.