கொழந்தன்னு சொன்னதுக்கு

மாதனூர் பகல்நேர மையத்துக்கு அரசு மானியம் நின்றுபோனதற்குப் பூங்குழலியின் வாய்தான் காரணமாம். அதிகாரியே சொன்னார். அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அப்படி என்ன சொல்லிவிட்டாள்? ஆய்வுக்கு வந்த அந்த அதிகாரியிடம், "எங்க கொழந்தைங்க பகல்ல இங்க நல்லா இருக்கறதாலதான் சார் நாங்க கம்பெனி பஸ் ஏறுறோம்" என்றாள். மையத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள். அவள் மகன் புகழேந்திக்கே மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது. இருந்தாலும் அங்கே வரும் தாய்மார்களுக்கு அவர்கள் கொழந்தைங்கதான். மையத்தை நடத்தும் கிறிஸ்டினா டீச்சர் வாயிலும் அதே சொல்தான். அதிகாரி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். குழந்தைகள் என்றால் அதற்கு வேறு துறையாம். அந்தத் துறையிலோ பதினெட்டு வயதுக்கு மேல் கிடையாதாம். ஆக இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. என்ன நியாயமோ!

அந்த மையத்தில்தான் புகழேந்தி சட்டைப் பொத்தானைத் தானே போடப் பழகினான். முக்குக் கடைக்குத் தனியாகப் போய் டீச்சருக்கு டீ வாங்கி வருவான். இப்போது அங்கே பூட்டுத் தொங்குகிறது. வேறு வழியில்லாமல் பூங்குழலி அவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஷூ கம்பெனிக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், கதவை இடித்து இடித்து அவன் கை வீங்கியிருந்தது. மறுநாளிலிருந்து லீவு போட்டாள். "இன்னும் ஒரு லீவு போட்டா வேற ஆளப் பாத்துக்குவோம்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு நேரே அதிகாரியின் அறையில் போய் நின்றாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புதான் சார். கொழந்த இல்ல, பெரியவன். மாத்தி எழுதிக்குங்க. மையத்தத் தொறக்க வழி பண்ணுங்க."

"ரிப்போர்ட் மேல போயிடுச்சும்மா. இனிமே என் கையில இன்னா இருக்குது? வீட்லயே வச்சுப் பாத்துக்கோ."

பூங்குழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மகனை உட்கார வைத்தாள்.

"பெரியவன்தானே சார், இங்கயே இருக்கட்டும். நான் வேலைக்குப் போய்ட்டு சாயந்திரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே அதிகாரியின் நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. அவர் வராந்தா வரைக்கும் ஓடி வந்து கத்தினார்.

"இன்னாம்மா நீ! கொழந்தய உட்டுட்டு எங்க போற?"

மனுவோடு காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூங்குழலி நின்றாள். நிதானமாகத் திரும்பினாள்.

"நான் கொழந்தன்னு சொன்னதுக்கு மையத்தையே பூட்டிட்டீங்க. இப்ப நீங்களே சொல்லிட்டீங்களே சார், இதுக்கு எதப் பூட்டறது?"